மதியம் இரண்டு மணிக்கு அளந்த திராவகம்

வேட்டியில் திராவகம் தெறித்தால் அன்றைக்குத் தெரியாது. வண்ணார் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்த பிறகு மடிப்பைப் பிரித்தால் மிளகளவு, உளுந்தளவு ஓட்டைகள் இருக்கும். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் சாலையில் பதினேழு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். அதில் ஆறு ஆண்டுகள் உப்புத் திராவகம் என்ற ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருந்த கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் ஓட்டை விழாத வேட்டி என்னிடம் இரண்டுதான் இருந்தன. இரண்டையும் கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டினேன்.

எங்கள் ஊரில் எல்லாரும் ஆவாரம்பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள். பட்டைக்குத் திராவகம் வேண்டாம், பொறுமை போதும். எங்கள் முதலாளி மட்டும் குரோம் முறையில் ஆட்டுத்தோல் பதனிட வேண்டும் என்று சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த முறையில் தோலை இரண்டு தண்ணீரில் போட வேண்டும். முதல் தண்ணீரில் பைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பும் உப்புத் திராவகமும். அதிலிருந்து தோல் மஞ்சளாக எழுந்து வரும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைப்போம். இரண்டாவது தண்ணீரில் ஹைப்போ என்ற வெள்ளை உப்பும் மறுபடி திராவகமும். அதில் போட்டுச் சுழற்றினால் மஞ்சள் பச்சையாகி, பச்சை வெளிறிய நீலமாகும். கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. வீட்டிலுள்ளவர்களுக்குக் கடைசிவரை பழகவில்லை.

இரண்டு தண்ணீரிலும் வேலை செய்வது திராவகம்தான். அது இல்லாவிட்டால் ஆரஞ்சு உப்பு தோலுக்குள் இறங்காது, ஹைப்போ அதை நீலமாக்காது. குறைந்தால் நடுத்தோல் வேகாமல் வெள்ளைக் கோடாக நிற்கும். கூடினால் தோலின் மேற்பரப்பு சுருண்டு முரடாகும், மடித்தால் வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு முறை தோல் போடும்போதும் எத்தனை படி திராவகம் என்பதை யாராவது எழுதித் தர வேண்டியிருந்தது. குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். ஒரு விரற்கடை அகலத்தில் எத்தனை இழை என்று எண்ணியே வளர்ந்தவன். அதனால்தானோ என்னவோ, அந்த வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார்.

திராவகம் ரயிலில் வரும். ஆள் உயரத்தில் பாதிக்குக் கண்ணாடி ஜாடி, அதைச் சுற்றி வைக்கோல் திணித்த மரக்கூண்டு, வாயில் மண்மூடி, மூடிமேல் தார் பூசிய துணி. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும். அது நெருப்புப் புகையல்ல. உள்ளேயிருந்து வரும் ஆவி காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படித் தெரிகிறது என்று திராவகம் அனுப்பும் கம்பெனி கொடுத்த தாளில் போட்டிருந்தது. அந்த ஆவி இரும்பை விடாது. கிடங்கின் தாழ்ப்பாளை ஆண்டுக்கொரு தரம் மாற்றினோம். பக்கத்து அறையில் வைத்திருந்த என் தராசின் முள் துருப்பிடித்து இறுகிப்போயிற்று. ஆனால் கண்ணாடியை அது ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பில் சிந்தினால் பால் பொங்குவதுபோல் நுரைத்துப் பொங்கும். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்குப் பக்கத்தில் கிடங்கைக் கட்டியதில் எங்களுக்கு அந்த ஒரு சௌகரியம் இருந்தது. ஜாடி உடைந்தால் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் போதும்.

திராவகத்தின் பலத்தை அளக்க ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. அடியில் ஈயக் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் கோடு போட்ட தாள். உயரமான கண்ணாடிக் குவளையில் திராவகத்தை ஊற்றி அதற்குள் குழலை விட்டால் மிதக்கும். திராவகம் கனமாக, அதாவது பலமாக இருந்தால் குழல் உயர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் தாழ்ந்துபோகும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் பலம். எங்களுக்கு வந்த சரக்கு ஆறாவது ஆண்டு தை மாதத்தில் இருபத்தெட்டில் நின்றது.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு அளந்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி, ஒன்றரைக்கு வேலை மணி, அரை மணி நேரம் காலையில் வந்த தோல்களின் கணக்கு, பிறகு திராவகம். கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, குழல் ஆடாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து, பேரேட்டில் எழுதுவேன். ஒரு நாளும் தவறியதில்லை. என் மாமனார் இறந்த அன்றைக்குக்கூட இரண்டு மணிக்கு அளந்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போனேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

ஜாடிகளை ரயிலடியிலிருந்து வண்டியில் கொண்டுவருவதும், கிடங்கில் அடுக்குவதும், நான் எழுதிக் கொடுத்த அளவைச் தோலைச் சுழற்றும் பீப்பாய்களில் ஊற்றுவதும் ஒருவருடைய வேலை. என் வயதுதான் இருக்கும். நாங்கள் அவரைப் பீப்பாய்க்காரர் என்போம். வலது புறங்கையில் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்துப் பளபளவென்று இருக்கும். ஜாடியைச் சாய்த்து ஊற்றும்போது மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அதற்கு முதுகைக் காட்டி நிற்பார். திராவகத்தில் தண்ணீரை ஊற்ற மாட்டார், தண்ணீரில்தான் திராவகத்தை ஊற்றுவார். ஆறு ஆண்டுகளில் அவர் கையில் ஒரு ஜாடிகூட உடையவில்லை.

அந்த மாசியில் கிடங்கின் பழைய ஓலைக்கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். பங்குனியில் அளவு இருபத்தேழில் நின்றது. எழுதினேன். சித்திரை பிறந்தபோது இருபத்தாறரை. பதினைந்து நாள் கழித்து இருபத்தாறு. புதிதாக வந்த ஜாடிகளும் அப்படியே. பலம் குறைந்தால் அளவைக் கூட்ட வேண்டும். பதினான்கு படி ஊற்றும் இடத்தில் பதினைந்து படி என்று எழுதிக் கொடுத்தேன். பீப்பாய்க்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா ரைட்டரே, ஒரு படி ஜாஸ்தியா போட்டிருக்கீங்க?"

"சரக்கு பலம் கம்மியாயிடுச்சு. அதான்."

"கம்மியா? மூடியத் தொறந்தா இப்பத்தான் புகை முன்னவிட ஜாஸ்தியா வருது. நேத்து எனக்குக் கண்ணு ரெண்டும் எரிஞ்சுபோச்சு. தண்ணியாப் போன சரக்கு இப்படிப் பொகையுமா?"

"புகைய எப்படிப்பா அளக்கிறது? குழல் சொல்றதத்தான் நான் எழுதணும்."

"சரி, உங்க குழல் சொல்றத நான் ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மை. புகை கூடித்தான் இருந்தது. நானும் பார்த்தேன். ஆனால் என் பேரேட்டில் புகைக்கு என்று பத்தி இல்லை.

திராவகம் அனுப்பிய கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். சரக்கு எங்கள் வாசலைத் தாண்டும்போது சரியான பலத்தில்தான் இருந்தது, வழியில் என்ன ஆயிற்றோ எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. அதே வாரத்தில் சென்னையிலிருந்து தோல் வாங்குகிறவரின் ஆள் வந்து, எங்கள் தோல்களை இரண்டு விரலுக்கிடையே மடித்து மடித்துப் பார்த்தார். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் விட்டன. தோல்களை மறுபடி அடுக்கி வைத்துவிட்டு முதலாளியுடன் டீ குடிக்கப் போனார்.

அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபக்காரர் அல்ல. தொழுகைக்குப் போகும் அவசரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ரைட்டர், இது இன்னா பேஜாரு? தோல் வெடிக்குது. திராவகம் கம்மின்னு நீர் எழுதிக்கினே இருக்கீர். கம்பெனிக்காரன் நான் இல்லேங்கறான். அப்ப யாரு?"

"நான் யாரையும் சொல்லல முதலாளி. அளவத்தான் சொல்றேன்."

"ஜாடிய ரயிலடிலேர்ந்து கொண்டாறது யாரு? ஊத்தறது யாரு?"

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். அதை நான் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

"அவன் மச்சான் ரயிலடிகிட்ட தகரக்கடை வச்சிருக்கான் இல்ல?"

"வச்சிருக்கார்."

தகரத்தை ஈயம் வைத்து ஒட்டுகிறவர்களுக்கு உப்புத் திராவகம் தேவை. அதில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுக் குமிழி அடங்கும்வரை விட்டு, அந்தத் தண்ணீரைத் தடவினால்தான் ஈயம் பிடிக்கும். பீப்பாய்க்காரருடைய தங்கை புருஷனின் கடையிலும் அப்படி ஒரு சீசா இருந்தது. தகரக்கடை எதிலும் இருக்கும். ஆனால் ஜாடியிலிருந்து திராவகத்தை எடுத்து மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, அளவு குறையாதிருக்கத் தண்ணீரை ஊற்றி வைக்கிறார் என்ற கணக்கு முதலாளியின் மனத்தில் விழுந்துவிட்டது. என் மனத்திலும் விழவில்லை என்று சொன்னால் பொய். என் எண்களுக்கு அந்தக் கதை சரியாகப் பொருந்தியது. எண்களுக்குப் பொருந்தினால் எனக்குப் போதும்.

மறுநாள் காலை வேலை மணிக்கு முன்னால் வாசலில் வைத்துப் பீப்பாய்க்காரரைக் கேட்டார்கள். முதலாளி கேட்டார், நான் பேரேட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சுண்ணாம்புக் குழிக்காரர்கள், தோலிலிருந்து முடி எடுக்கும் பெண்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"நான் எடுக்கல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ரைட்டரே, நான் எடுத்தேன்னு உங்க பொஸ்தகத்துல எழுதியிருக்குதா?"

"அப்படி எழுதல. பலம் கொறஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு."

"பொகைய யாராவது பாத்தீங்களா? அதயும் எழுதினீங்களா?"

கூட்டத்தில் யாரோ ஒரு வண்டிக்காரன், "பொகைய எப்டிப்பா மச்சான் கடைக்குக் கொண்டுபோறது, சாக்குல கட்டிக்கினா?" என்றான். சிரித்தார்கள். பீப்பாய்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர்களை ஒதுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றே முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். வேலையிலிருந்து நிறுத்தப்படுவது ஒன்று. திருடினான் என்று நிறுத்தப்படுவது வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எங்கே போனாலும் தோல் முதலாளிகள் ஒருவருக்கொருவர் சொந்தம் அல்லது கொடுக்கல் வாங்கல். புது ஆள் வந்தால், முன்னே வேலை பார்த்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பார்கள். பீப்பாய்க்காரர் ஆம்பூரில் இரண்டு இடத்தில் வேலை கேட்டார். இரண்டு இடத்திலும் இப்போது ஆள் வேண்டாம் என்றார்கள். பத்து நாளில் வீட்டைக் காலிசெய்து, மனைவியின் ஊரான பேரணாம்பட்டுக்குப் பீடி சுற்றப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

புது ஆள் ஒருவர் திராவகம் ஊற்ற வந்தார். முதல் வாரத்தில் ஒரு ஜாடி உடைந்தது. நான் ஒவ்வொரு ஜாடியின் மூடிமேலும் தாள் ஒட்டி என் கையெழுத்தைப் போட்டு வைத்தேன். அளக்க நான் பிரிப்பேன், ஊற்ற என் எதிரில் பிரிக்க வேண்டும், பிறகு புதுத் தாள். அளவு இருபத்தாறிலேயே நின்றது. இதற்கு என்ன பொருள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். திருடர் போய்விட்டார், தாள் ஒட்டியாயிற்று, அளவு ஏறவில்லை. நான் அந்த நாட்களில் எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை. வெயில் அப்படி. வயிற்றில் எரிச்சல் வேறு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் நெஞ்சுக்குழியில் கங்கு வைத்ததுபோல் ஆகிவிடும். மருந்துக்கடைக் கம்பவுண்டர் சோடா உப்பை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "உங்க கிடங்குல இருக்கற அதே உப்புத் திராவகம்தான் ரைட்டரே வயித்துலயும் சுரக்குது. அது இல்லேன்னா சோறு கரையாது. உங்களுக்கு ஜாஸ்தியா சுரக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போயும் அந்தச் சரக்கை விட்டு நகர முடியவில்லை என்றுதான் தோன்றியது.

வைகாசி நடுவில் ஒரு நாள் பதினோரு மணிக்கே வானம் இருண்டு, காற்றடித்து, கோடைமழை பிடித்துக்கொண்டது. ஆலங்கட்டியும் விழுந்தது. கிடங்கின் தகரக்கூரை காது செவிடாகும்படி ஒலித்தது. இரண்டு மணிக்கு மழை விட்டிருந்தது. உள்ளே போனேன். மாதக்கணக்கில் அடுப்பங்கரைபோல் இருந்த அறையில் அன்றைக்குத்தான் குளிர் தெரிந்தது. முந்தின நாள் அளந்த அதே ஜாடியின் தாளைப் பிரித்தேன். என் கையெழுத்து அப்படியே இருந்தது. குவளையில் ஊற்றிக் குழலை விட்டேன்.

இருபத்தெட்டில் நின்றது.

குழலை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். இருபத்தெட்டு. நேற்று இருபத்தாறு. திராவகத்தில் தண்ணீரை ஊற்ற எவனாலும் முடியும். ஊற்றின தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக எந்தத் திருடனாலும் முடியாது. நான் அங்கேயே வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தேன்.

குழலின் தண்டுக்குள் இருந்த தாளில், கோடுகளுக்கு மேலே, சிறிய எழுத்தில் அறுபது டிகிரி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. முதல் நாளே அதைப் படித்திருந்தேன். பேரேட்டின் முதல் பக்கத்தில், குழலின் விவரம் என்ற தலைப்பில் நகலும் எடுத்து வைத்திருந்தேன். அந்தச் சூட்டில், அதாவது எங்கள் ஊர் மார்கழி விடியலின் குளிரில், இருக்கும் திராவகத்துக்குத்தான் இந்தக் கோடுகள் சரி என்பது அதன் பொருள். சூடு ஏறினால் எந்தத் திரவமும் விரியும், விரிந்தால் லேசாகும், குழல் தாழும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. தோலைப் பதப்படுத்தும் வெந்நீர்த் தொட்டியில் தினமும் காலையில் வெப்பமானியை விட்டுப் பார்த்து எழுதுகிறவன் நான்தான். அதே வெப்பமானியைப் பத்தடி தள்ளியிருந்த திராவகத்தில் விட்டுப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. தினமும் ஒரே நேரத்தில் அளக்கிறேன் என்பதில் அவ்வளவு நிம்மதியாக இருந்தேன். ஓலைக்கூரைக்குக் கீழே முந்தின கோடைகளில் குழல் அரைக் கோட்டுக்குமேல் இறங்கியதும் இல்லை. தை மாதத்து இரண்டு மணியும் சித்திரை மாதத்து இரண்டு மணியும் கடிகாரத்தில்தான் ஒன்று.

மறுநாள் சோதித்தேன். ஒரே ஜாடியிலிருந்து இரண்டு குவளை. ஒன்றை ஈர மணலில் புதைத்து வைத்தேன், மற்றதை வெயிலில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மணலில் இருந்தது இருபத்தெட்டு, வெயிலில் இருந்தது இருபத்தைந்தரை. இரண்டையும் மாற்றி வைத்தேன். எண்களும் மாறின. திராவகத்தின் பலம் குறையவே இல்லை. சூட்டில் அதன் ஆவி வேகமாகக் கிளம்பியதால் புகைதான் கூடியிருக்கிறது. பீப்பாய்க்காரர் கண்ட புகை சரி, நான் கண்ட கோடு தப்பு. அதை நம்பி ஒரு படி கூட்டி ஊற்றச் சொன்னதும் நான்தான். முழு பலத்தில் பதினான்கு படி குடித்திருந்த தோலுக்கு அந்த ஒரு படி அதிகமாகிவிட்டது. வெடித்த தோல்களுக்கும் காரணம் என் சீட்டு.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாள் பேரேட்டில் எண்கள் இருக்கின்றன, வேறு குறிப்பு இல்லை.

நான்காம் நாள் முதலாளியிடம் இரண்டு குவளைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் குழலைத் தாமே பிடித்துப் பார்த்தார். விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. குழலைத் துடைத்துக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவன் எடுக்கல."

"எடுக்கல முதலாளி."

"அல்லா. வாசல்ல வச்சுக் கேட்டேனே." பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். "வரச் சொல்லும். நாளைக்கே வரச் சொல்லும். ஆனா ஒண்ணு, இந்த வெயில் கதை, குழல் கதையெல்லாம் வெளியே வேணாம். வெடிச்ச தோலுக்கு நம்ம கையே காரணம்னு மெட்ராஸ்ல தெரிஞ்சா அப்பறம் எவன் வாங்குவான்? போனது போவட்டும், வந்து வேலையப் பாருன்னு சொல்லும். புரியுதா?"

புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் முறத்தில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு பீப்பாய்க்காரரும் அவர் மனைவியும் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தடித்த விரல்களுக்குள் பீடி அடங்கவில்லை. பக்கத்தில் சுருள் பிரிந்த பீடிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"வாங்க ரைட்டரே. இன்னா, இங்க எதனா கம்மியாப் போச்சா? மொறத்த எண்ணிப் பாக்க வந்தீங்களா?"

"சும்மா இரு" என்றார் அவர்.

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? எங்கண்ணன் வூட்டு வாசல்ல, திருடன் பொண்டாட்டின்னு மூணாவது வூட்டுக்காரி கேக்கறா. நான் சும்மாதான் இருந்தேன்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குழல், வெயில், மழை, இரண்டு குவளை. அவர் பீடி சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டார். நான் முடித்த பிறகு நூலைக் கட்டி, பீடியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப பொகை நெசந்தான்."

"நெசந்தான்பா. நான்தான் கேக்கல. முதலாளி வரச் சொல்றார். பழையபடி வேலை."

"வந்தா வாசல்ல இன்னா சொல்வீங்க?"

முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசியது எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. நான் உள்ள வருவேன், பாவம் மன்னிச்சு விட்டுட்டாங்கன்னு பேசிக்குவாங்க. மன்னிச்ச திருடனா அங்க வந்து ஜாடி சாய்க்கணுமா? வேணாம் ரைட்டரே." கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க ஆத்தங்கரைத் தோல் ஷாப்புல குரோம் போட ஆரம்பிச்சிருக்காங்க. திராவகம் ஊத்த ஆள் தேடறாங்க. உங்க எடத்துக்குத்தான் எழுதிக் கேப்பாங்க. நான் ஒண்ணுதான் கேக்கறேன். நல்லவன், ஒழுங்கானவன்னு எழுதாதீங்க. அப்படித்தான் எல்லாரும் எழுதறது, எவனும் நம்பமாட்டான். நடந்தத எழுதுங்க. நடந்தது அப்படியே."

"எழுதறேன்" என்றேன். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கச் சொல்லவில்லை. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பேரணாம்பட்டிலிருந்து விசாரித்துக் கடிதம் வந்தது. முதலாளி அதை என் மேசையில் வைத்து, "நல்ல ஆளு, குடும்பக் காரணத்தால போனான்னு எழுதிக் கொண்டாரும், கையெழுத்துப் போடறேன்" என்றார்.

நான் எழுதியது இது: 'இவர் ஆறு ஆண்டுகள் எங்களிடம் திராவகம் ஊற்றும் வேலை செய்தார். இந்த ஆண்டு சித்திரையில் திராவகத்தைத் திருடித் தண்ணீர் கலந்ததாகச் சொல்லி இவரை வேலையிலிருந்து நிறுத்தினோம். திருட்டு நடக்கவில்லை. வெயிலில் சூடேறிய திராவகத்தைக் குளிர்ந்த திராவகம்போல் அளந்ததால் பலம் குறைந்ததாகத் தோன்றியது. அளந்தது நான். திராவகத்தின் புகை குறையவில்லை என்று இவர் அப்போதே சொன்னார். அது சரி என்று பிறகு சோதித்துத் தெரிந்துகொண்டேன்.'

முதலாளி இரண்டு முறை படித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. களைத்துப்போனவர்போல் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் சொன்னது இது இல்லையே ரைட்டர்."

"இல்ல முதலாளி."

"பேரணாம்பட்டுக்காரனுக்கும் மெட்ராஸ்ல அதே வியாபாரிதான். இத அவன்கிட்ட காட்டாம மடிச்சு வச்சுக்குவான்னு நெனைக்கிறீரா?"

"மடிச்சு வச்சுக்கமாட்டார். ஆனா வேற மாதிரி எழுதினா அவருக்குப் பிரயோசனம் இல்ல."

"இதுல என் கையெழுத்து வராது."

"என் கையெழுத்து போதும். அளந்தவன் நான்தானே."

அவர் ஜன்னல் வழியே சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அனுப்பும்" என்றார் கடைசியில். "ஆனா நாளையிலேர்ந்து நீர் பட்டை ஷெட்டுக்குப் போயிடும். திராவகத்த வேற ஆள் பாக்கட்டும்."

கையெழுத்துப் போட்டு, பதவியையும் எழுதி, உறையை நானே தபாலாபீசில் கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் பட்டைக் கிடங்கில் ஆவாரம்பட்டைக் கட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். அங்கே அளப்பதற்கு ஒன்றும் இல்லை. வந்தது எத்தனை கட்டு, போனது எத்தனை கட்டு, அவ்வளவுதான். தூசியால் இருமல் வந்தது, வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது.

ஆடி பிறந்த பிறகு பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பட்டை கொண்டுவந்த வண்டிக்காரரிடம் பீப்பாய்க்காரரைப் பற்றி விசாரித்தேன். ஆற்றங்கரை ஷாப்பில் பீப்பாய் வேலையில் சேர்ந்து ஒரு மாதமாகிறது என்றார். குடும்பம் தனி வீட்டுக்குப் போய்விட்டதாம்.

"எனக்கு எதனா சொல்லி அனுப்பினாரா?"

வண்டிக்காரர் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே யோசித்தார். "உங்களுக்கா? இல்லீங்களே. ஆம்பூர்னு சொன்னேன். அப்படியான்னாரு. வேல இருக்குதுன்னு போய்ட்டாரு."

நான் கட்டுகளை எண்ணி முடித்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஏதாவது சொல்லி அனுப்புவார் என்று இத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.